தொட்டுக் கற்கும் விலங்குத் தொட்டி: மழலையருக்கு வீட்டிலேயே ஒரு பாடம்



இன்று மூன்று வயதுப் பிள்ளைக்கு யானை தெரியும், புலி தெரியும், டைனோசர்கூடத் தெரியும். ஆனால் அவை எல்லாம் கைப்பேசித் திரையில் பார்த்தவை. அங்கே யானையும் எறும்பும் ஒரே அளவுதான். வைக்கோலின் சொரசொரப்பு, ஈர மணலின் குளிர்ச்சி, காய்ந்த சருகு கையில் நொறுங்கும் சத்தம், இவற்றில் ஒன்றையும் திரை தராது.

பொத்தேரி, காட்டாங்குளத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் மாடி வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்கு முற்றம் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலைப் போக்குவரத்தில் பிள்ளையை வெளியே விடவும் முடியாது. சமையல் முடியும் வரை, தொழுகை முடியும் வரை பிள்ளை ஓரிடத்தில் இருக்க வேண்டுமே என்று கைப்பேசி கொடுக்கப்படுகிறது. இதற்காக எந்தத் தாயையும் குறை சொல்ல மாட்டோம். குறை சொல்வதைவிட, கைப்பேசிக்குப் பதிலாகப் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கலாம் என்று சொல்வதே பயன் தரும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் போக மீதி நேரத்துக்கு உதவும் ஒரு விளையாட்டைத்தான் இந்த இதழில் படிக்கப் போகிறோம்.

விலங்குத் தொட்டி என்றால் என்ன?

மழலையர் பள்ளிகளில் இதை ‘சென்சரி பின்’ என்பார்கள். அகலமான ஒரு தொட்டியில் மணல், வைக்கோல், தண்ணீர், சருகு போன்ற ஏதாவது ஒரு பொருளைப் பரப்பி, அதில் சில விலங்கு உருவங்களையும் அள்ள, ஊற்ற, கொட்டச் சில பாத்திரங்களையும் வைத்துப் பிள்ளையை விளையாட விடுவது. அவ்வளவுதான். கடையில் வாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இது புதிதாக வந்த நாகரிகமும் இல்லை. குழந்தை புலன்களால்தான் முதலில் கற்கிறது என்று வலியுறுத்திய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் சென்னைக்கே வந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். பைக்குள் இருக்கும் பொருளைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே கண்டுபிடிக்கும் விளையாட்டு அவரது முறையில் இன்றும் இருக்கிறது. தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். மத்திய அரசும் 2023-இல் ‘ஜாதுயி பிட்டாரா’ என்று பொம்மைகளும் புதிர்களும் கதை அட்டைகளும் கொண்ட ஒரு பெட்டியை 3 முதல் 8 வயதுக்காக வெளியிட்டது. பாடம் விளையாட்டு வழியாகப் போக வேண்டும் என்பதில் இவர்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள்.

எல்.கே.ஜி. சேர்ந்த உடனே பிள்ளை பென்சில் பிடித்து எழுத வேண்டும் என்று அவசரப்படுகிறோம். எழுதுவதற்கு முன் விரல்களுக்குப் பலம் வேண்டும். கிள்ளுதல், அள்ளுதல், பிழிதல், இடுக்கியால் எடுத்தல் ஆகியவைதான் அந்தப் பலத்தைத் தருகின்றன. தொட்டியில் அரை மணி நேரம் விளையாடும் பிள்ளை இவை எல்லாவற்றையும் தானாகவே செய்துவிடும்.

முதலில் இரண்டு கேள்விகளுக்குப் பதில்

*அரிசி, பருப்பைக் கொட்டி விளையாட விடலாமா?* வெளிநாட்டுப் படங்களில் தொட்டி நிறைய வண்ண அரிசி இருக்கும். நமக்கு அது வேண்டாம். உணவுக்குச் சிரமப்படும் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. வீண்விரயம் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே உண்ணும் அரிசியைக் காலடியில் சிந்த விட்டால் அந்தப் பாடம் நிற்காது. மணல், வைக்கோல், சருகு, தண்ணீர், தென்னை நார்த்தூள் இவையே போதும். வண்டு விழுந்து சமையலுக்கு உதவாத தானியம் இருந்தால், சாயம் ஏற்றாமல் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்து, முடிந்ததும் கோழிக்கோ புறாவுக்கோ போட்டுவிடலாம்.

*விலங்கு உருவப் பொம்மை வைக்கலாமா?* ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களில் துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் நூலின் அறிவிப்பில் காண்கிறோம். உருவப் பொம்மைகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழந்தைகளின் விளையாட்டுக்கு மட்டும் அனுமதித்தவர்கள் பலர். மனம் ஒப்பாதவர்கள் உருவமே இல்லாமலும் இந்தத் தொட்டியைச் செய்யலாம். விலங்கின் காலடித் தடம், கூடு, தீனி, குரல் ஆகியவற்றை வைத்தே முழு விளையாட்டையும் நடத்திவிட முடியும்.

தேவையான பொருள்கள்

- துணி துவைக்கும் அகலமான பேசின், அல்லது விளிம்பு உயர்ந்த பெரிய தாம்பாளம்
- கீழே விரிக்கப் பழைய படுக்கை விரிப்பு
- கொட்டாங்குச்சி நான்கு (விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கலாக்கவும்)
- அகப்பை, தட்டைக் கரண்டி, டீ வடிகட்டி, சிறிய இடுக்கி
- விலங்குகள் ஐந்து அல்லது ஆறு. தையல் வேலை செய்யும் வீடுகளில் மிஞ்சும் துண்டுத் துணியை அடைத்துத் தைக்கலாம். களிமண்ணில் பிடித்துக் காயவைக்கலாம். அட்டையில் வெட்டலாம். கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டு நிரப்ப வேண்டாம். பொருள் அதிகமானால் பிள்ளை வாரி இறைக்கும். குறைவாக இருந்தால் ஆழ்ந்து விளையாடும்.

முதல் தொட்டி: ஆட்டுப்பட்டி

ஆடு, மாடு, கோழி நம் பிள்ளைகள் நேரில் பார்த்தவை. அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். தொட்டியில் ஒரு பக்கம் வைக்கோல் அல்லது காய்ந்த புல், மறுபக்கம் சிறிது மண். வைக்கோல் கிடைக்காவிட்டால் செய்தித்தாளை நீளமாகக் கிழித்துப் போடுங்கள். கிழிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். வீசிங் தொந்தரவு உள்ள பிள்ளைக்கு வைக்கோல் வேண்டாம், தூசி ஒத்துக்கொள்ளாது.

ஒரு கொட்டாங்குச்சி தண்ணீர்த் தொட்டி. இன்னொன்று தீனித் தொட்டி. அதில் கீரைத் தண்டு, முருங்கை இலை. குச்சிகளை நட்டு வேலி. “ஆட்டுக்குத் தாகமாக இருக்கிறதாம், என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை தானே தண்ணீர் ஊற்றும். இரண்டு கொட்டாங்குச்சிகளை ஒன்றோடொன்று தட்டினால் குதிரைக் குளம்பொலி வரும். அதையும் செய்து காட்டுங்கள்.

இங்கே பிள்ளை கற்பது விலங்கின் பெயர் மட்டும் இல்லை. வாயில்லாத உயிருக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், வலிக்கும் என்பதைக் கற்கிறது. தெருநாயைக் கல்லால் அடிப்பதும், சாப்பிடும் நாயின் வாலை இழுப்பதும் கூடாது என்பதை இந்த வயதில் பொம்மையை வைத்தே சொல்லிவிடலாம். அது பிள்ளையின் பாதுகாப்புக்கும் அவசியம். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் தொட்டி: வேடந்தாங்கல் ஏரி

வேடந்தாங்கல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதால், ஊர் மக்கள் பல தலைமுறைகளாகவே அவற்றைக் காத்து வருகிறார்கள்.

தொட்டியில் நான்கு விரல் உயரம் தண்ணீர் விடுங்கள். பூவரசு இலை, பெரிய கற்கள் சில. புதிய ஸ்பாஞ்சை உள்ளங்கை நீளத்துக்கு மீன் வடிவில் வெட்டிப் போடுங்கள். இனி ஒவ்வொரு பறவையின் அலகுக்கும் ஒரு கருவி:

- கரண்டிவாயன்: அலகின் நுனி தட்டையாக இருக்கும். தண்ணீரில் இப்படியும் அப்படியும் அசைத்து இரை தேடும். பிள்ளை கையில் தட்டைக் கரண்டி.
- கூழைக்கடா: அலகின் கீழே பை போலத் தோல் தொங்கும். தண்ணீரோடு சேர்த்து மீனை அள்ளி, தண்ணீரை வடியவிட்டு விழுங்கும். பிள்ளை கையில் டீ வடிகட்டி.
- நத்தைகுத்தி நாரை: மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடைவெளி உண்டு. நத்தையை எடுத்துத் தின்னும். பிள்ளை கையில் இடுக்கி.

எந்தக் கருவியால் மீன் சீக்கிரம் வருகிறது, எதனால் வரவில்லை என்று பிள்ளையே பார்க்கட்டும். ஒவ்வொரு பறவைக்கும் அதன் உணவுக்கு ஏற்ற அலகு அமைந்திருப்பதை நான்கு வயதுப் பிள்ளை கையாலேயே புரிந்துகொள்ளும். அண்ணன், தம்பி இருந்தால் ஆளுக்கு ஒரு பறவையாகலாம்.

தண்ணீர்த் தொட்டி இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருந்தே தீர வேண்டும். சில அங்குலத் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிடும். வாசல் மணி அடித்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். விளையாட்டு முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டித் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும்.

மூன்றாம் தொட்டி: வண்டலூர் காடு

நம் ரயில் பாதையிலேயே, சில நிலையங்கள் தாண்டினால் வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அங்கே இருக்கிறது. 1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கிய பழைய மிருகக்காட்சி சாலைதான் 1985-இல் இங்கே பெரிய இடத்துக்கு மாறியது.

இந்தத் தொட்டிக்கு மணலை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயவையுங்கள். எறும்பும் கண்ணாடித் துண்டும் இல்லை என்று கையால் துழாவிப் பாருங்கள். பாதி மணலை ஈரமாக்கி ஒதுக்கி வையுங்கள். மறுபாதி உலர்ந்தே இருக்கட்டும். சருகு, வேப்பங்குச்சி, பிள்ளையின் முட்டியைவிடப் பெரிய கற்கள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தால் குகை.

யானை, புலி, சிங்கம், மான், ஒட்டகச்சிவிங்கி போதும். விளையாட்டுகள் மூன்று:

1. ஈர மணலில் ஒவ்வொரு விலங்கின் காலையும் அழுத்தித் தடம் பதியுங்கள். பிள்ளை கண்ணை மூடட்டும். நீங்கள் ஒரு தடம் வைத்தபின் “யார் இந்தப் பக்கம் போனது?” என்று கேளுங்கள். உருவம் வைக்காதவர்கள் உருளைக்கிழங்கில் தடத்தைச் செதுக்கி அச்சாக வைத்துக்கொள்ளலாம்.
2. விலங்கை உலர் மணலில் புதைத்து, பார்க்காமல் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். “தும்பிக்கை இருக்கா? கொம்பு இருக்கா?”
3. புல் தின்பவை ஒரு பக்கம், இறைச்சி தின்பவை ஒரு பக்கம் என்று பிரியுங்கள்.

ஒரு வாரம் விளையாடிய பிறகு பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தொட்டியில் பார்த்த விலங்கை நேரில் பார்க்கும்போது பிள்ளை கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

தொட்டியோடு சேர்ந்து வரும் சொற்கள்

பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசினால்தான் மொழி வளரும். நன்னியோ நானியோ உட்கார்ந்தால் இன்னும் நல்லது; அவர்களிடம் இருக்கும் சொற்கள் நம்மிடம் குறைந்துவிட்டன.

- குரல்: காகம் கரையும். குயில் கூவும். மயில் அகவும். கோழி கொக்கரிக்கும். நாய் குரைக்கும். குதிரை கனைக்கும். யானை பிளிறும். புலி உறுமும். ஆந்தை அலறும்.
- இளமை: பசுவின் கன்று, ஆட்டுக்குட்டி, கோழிக்குஞ்சு, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, சிங்கக்குருளை, புலிப்பறழ்.
- இருப்பிடம்: மாட்டுக்குத் தொழுவம், ஆட்டுக்குப் பட்டி, பறவைக்குக் கூடு, எலிக்கு வளை, கிளிக்குப் பொந்து, கரையானுக்குப் புற்று, சிங்கத்துக்குக் குகை.

உருது பேசும் வீடுகளில் பக்ரி, முர்கி, ஹாத்தி, ஷேர் என்று அம்மி சொல்லட்டும். அக்கா தமிழில் சொல்லட்டும். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்று பயப்பட வேண்டாம். வீட்டு மொழி உறுதியாக இருந்தால் பள்ளி மொழி அதன்மேல் ஏறும். மக்தப் போகும் அண்ணன் இருந்தால், யானை, எறும்பு, தேனீ, சிலந்தி, பசு ஆகியவற்றின் பெயரில் குர்ஆனில் அத்தியாயங்கள் உண்டு என்று அவனைச் சொல்ல வைக்கலாம்.

ஒன்றில் கவனம் வேண்டும். ஓயாமல் “இது என்ன நிறம்? எத்தனை கால்?” என்று தேர்வு வைத்தால் பிள்ளை எழுந்து போய்விடும். பிள்ளை செய்வதையே சொல்லிக்கொண்டிருங்கள்: “யானை தண்ணிக்குள்ள இறங்கிடுச்சு... இப்ப என்ன ஆகும்?” கேட்டபின் பத்து எண்ணும் வரை காத்திருங்கள்.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் தொட்டி வைக்காதீர்கள்

1. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சின்னப் பொருள் எதுவும் கூடாது. சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் விழக்கூடியது எல்லாம் தொண்டையில் சிக்கும் ஆபத்து உள்ளது. பருப்பு, பட்டாணி, மணி, கோலி, புளியங்கொட்டை எல்லாம் இதில் அடங்கும். தம்பி தங்கை தவழும் வீட்டிலும் இதே விதிதான்.
2. பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் சிவப்பும் கறுப்புமான குன்றிமணி கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. இரண்டையும் வீட்டில் பிள்ளை கைக்கு எட்ட வைக்காதீர்கள். வேகாத ராஜ்மாவும் வயிற்றைக் கெடுக்கும்.
3. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் வண்ண ஜெல் உருண்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் பெரிதாகி அடைத்துக்கொள்ளும். பட்டன் பேட்டரி, காந்தம் உள்ள பொம்மைகளும் வேண்டாம்.
4. மூக்கிலோ காதிலோ ஏதாவது போய்விட்டால் ஊக்கு, பட்ஸ் விட்டு நோண்டாதீர்கள். தண்ணீர், எண்ணெய் ஊற்றாதீர்கள். விதை ஊறிப் பெரிதாகும். மருத்துவரிடம் போங்கள்.
5. தொண்டையில் சிக்கிப் பிள்ளை பலமாக இருமினால் இருமவே விடுங்கள். சத்தமே வராமல் திணறினால், முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். பயனில்லையென்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடாதீர்கள். கூட இருப்பவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டுவதும் மார்பில் அழுத்துவதும்தான் முறை. இதை மருத்துவமனையில் ஒருமுறை நேரில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

தொடத் தயங்கும் பிள்ளை

சில பிள்ளைகள் ஈர மணலைத் தொட்டதும் கையை உதறும், அழும். அதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். கையைப் பிடித்து அழுத்தவும் வேண்டாம். முதல் நாள் கரண்டியால் மட்டும் அள்ளட்டும். அடுத்து ஒரு விரல். பிறகு உலர்ந்த பொருள். ஈரம் கடைசியில். கை துடைக்க ஒரு துண்டு பக்கத்திலேயே இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்தால் பயம் குறையும்.

வாரக்கணக்கில் முயன்றும் எதையும் தொடாமல் இருப்பது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமல் இருப்பது போன்றவை தெரிந்தால், “போகப் போகச் சரியாகிவிடும்” என்று உறவினர் சொல்வதை மட்டும் கேட்டு நாளைத் தள்ளாதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சிறு வயதிலேயே பயிற்சி தொடங்குவதற்கான பிரிவும் அங்கே உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீக்கிரம் தொடங்கினால் பிள்ளைக்குத்தான் லாபம்.

முடித்து எடுத்து வைப்பது

எடுத்து வைப்பதும் விளையாட்டின் ஒரு பகுதிதான். “ஆடெல்லாம் பட்டிக்குப் போகட்டும்” என்றால் மூன்று வயதுப் பிள்ளையும் எடுத்து வைக்கும். விரிப்பின் நான்கு மூலையையும் தூக்கினால் சிந்திய மணல் மொத்தமும் தொட்டிக்குள் போய்விடும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மணலை வாரம் ஒருமுறை வெயிலில் காட்டுங்கள். பூனை வந்து போகும் மாடியில் திறந்து வைக்காதீர்கள். வைக்கோல், இலை பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

- சனிக்கிழமை: பிள்ளையோடு நடந்து போய்ச் சருகும் குச்சியும் பொறுக்குங்கள். ஆட்டுப்பட்டியை மட்டும் தொடங்குங்கள்.
- வார நாள்கள்: தினமும் 20 நிமிடம், ஒரே நேரத்தில். அந்த நேரத்தில் பெரியவர் கையிலும் கைப்பேசி வேண்டாம். சனி, ஞாயிறு அத்தாவின் முறை.
- ஒவ்வொரு நாளும் ஒரு குரல், ஒரு குட்டியின் பெயர், ஒரு இருப்பிடம்.
- அடுத்த வாரம் ஏரி, அதற்கடுத்த வாரம் காடு.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் உட்கார்ந்தால், இடுக்கிக்காகக் காத்திருக்கவும், கேட்டு வாங்கவும், கொடுக்கவும் கற்றுக்கொள்வார்கள். இன்ஷா அல்லாஹ், அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் முதல் நாளிலேயே அவர்களுக்குக் கைகொடுக்கும்.